கம்பெனி காரும் காணாமல் போன நோ கிளெய்ம் போனஸும்

நோ கிளெய்ம் போனஸ் என்பது ஒழுங்காக வண்டி ஓட்டியதற்குப் பரிசு என்று ஏஜென்ட் சொல்வார். நம்பாதீர்கள் மக்களே.

முதல் வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. (சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான், தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது.) எங்கள் சித்தப்பா இந்த 50-ஐத் தொட்டவர். ஆபீஸில் கார் கொடுத்ததும் சொந்தக் காரை விற்றுவிட்டார். நாலு வருஷம் கம்பெனி காரில் ஒரு கீறல் இல்லை. வேலையை விட்டுப் புதுக் கார் எடுக்கப் போனால் போனஸ் பூஜ்யம்! பழைய பாலிசி முடிந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டதாம். சரி, கம்பெனி காரில் சேர்ந்த போனஸ்? பாலிசி கம்பெனி பேரில், ஆகவே அதுவும் கம்பெனிக்கே. பிரீமியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள், 5,000 கட்ட வேண்டிய மனுஷன் முழுசாகக் கட்டுகிறார்.

போனஸ் ஓட்டுபவருக்கு இல்லை, பாலிசி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. அதுதான் கொள்கை என்றால் கூடத் தொலையட்டும் என்று விடலாம். ஆனால் 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அதே கம்பெனி காரை ஊழியர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டால், 'இவர் மட்டும்தான் ஓட்டினார்' என்று முதலாளி கடிதம் கொடுத்தால் போதும், போனஸ் அவருக்கு வந்துவிடும். அதாவது ஓட்டியவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியும்! வேறு கார் வாங்கினால் மட்டும் அவர் ஓட்டத் தெரியாதவர் ஆகிவிடுவாரா?

கம்பெனிகள் பொய்க் கடிதம் கொடுக்குமே என்பார்கள். முதல் கடிதத்தைக் கொடுப்பதும் அதே கம்பெனிதானே ஐயா?