பெயர் சொல்லும் பொய்

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்கிறது. மரம் இடுகுறி, பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். இடுகுறியால் யாரும் ஏமாறுவதில்லை, கற்றுக்கொண்டால் போதும். ஆபத்தானது காரணப்பெயர் வேஷம் கட்டி வந்து பொய்க் காரணம் சொல்லும் பெயர். தரவுத்தள ஆவணங்களில், அதிலும் இண்டெக்ஸ் பற்றிய பக்கங்களில், இந்த வேஷக்காரர்களின் கூட்டம் அதிகம்.

இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. கோடி வரிசைகளைப் புரட்டாமல் வேண்டியதை எடுக்க உதவும். ‘யுனீக்’ என்று அறிவித்தால், ஒரே மதிப்பு இரண்டாம் முறை நுழையாமல் காவலும் காக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இந்தக் காவலுக்கு ‘இக்னோர் டூப் கீ’ என்றொரு விருப்பம் உண்டு. படிப்பவர் என்ன நினைப்பார்? இரட்டிப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, உள்ளே விடு என்றுதானே? நடப்பது வேறு. இரட்டிப்பான வரிசை தூக்கி எறியப்படும், மற்றவை உள்ளே போகும். பிழை என்று எதுவும் வராது, ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும். ரசீது எண்ணை அடையாளமாக வைத்துப் பணவரவு ஏற்றும் நிரலில் இது இருந்தால் என்ன ஆகும்? இரண்டு கிளைகள் தவறுதலாக ஒரே எண்ணைப் போட்ட அன்று ஒருவர் கட்டிய பணம் கணக்கிலிருந்தே காணாமல் போகும். நிரலோ ‘வெற்றி’ என்று சொல்லி முடித்துக்கொள்ளும்.

மைஎஸ்க்யூஎல்லில் ‘யூஸ் இண்டெக்ஸ்’. கட்டளை போலத்தான் ஒலிக்கிறது. உண்மையில் அதன் பொருள், ‘இண்டெக்ஸ் எதையாவது எடுப்பதானால் இதை எடு’ என்பதே. முழு அட்டவணையையும் புரட்டுவதே மலிவு என்று உள்ளே இருக்கும் திட்டமிடுபவன் முடிவு செய்தால், நம் பேச்சு எடுபடாது. ‘டிஸேபிள் கீஸ்’ இன்னும் வேடிக்கை. 5.5 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் இன்னோடிபி அட்டவணைகளில் அது எதையும் முடக்காது. ஒரு குறிப்பை மட்டும் விட்டுவிட்டு, வேலை முடிந்ததுபோல் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஒரு இண்டெக்ஸைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் விஷயம். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல் 8இலும் இதற்கு ‘இன்விசிபிள்’ என்று பெயர். மரியாடிபி 10.6இல் ‘இக்னோர்டு’, மாங்கோடிபி 4.4இல் ‘ஹிடன்’. எல்லாம் ஒரே காரியம்தான்: தேடலின்போது அந்த இண்டெக்ஸ் கண்ணுக்குப் படாது, ஆனால் எழுதும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் நொடியில் திரும்ப வரும். இதைக் கற்ற ஒருவர் எஸ்க்யூஎல் சர்வருக்கு வேலை மாறுகிறார். அங்கே ‘டிஸேபிள்’ இருக்கிறது, அதே சாதுவான முகத்தோடு. தட்டினால், ‘கிளஸ்டர்டு’ அல்லாத இண்டெக்ஸின் உள்ளடக்கமே அழிந்துவிடும். அது ‘கிளஸ்டர்டு’ இண்டெக்ஸாக இருந்துவிட்டால், மறுபடி கட்டி முடிக்கும்வரை அந்த அட்டவணையையே யாராலும் படிக்க முடியாது.

“மேனுவலைப் படிச்சா தெரியப்போகுது, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?” என்பார்கள். சரி, மேலே சொன்ன எல்லாமே மேனுவலில் சரியாகவே எழுதியிருக்கின்றன. என் குற்றச்சாட்டே அதுதான். பெயர் சொன்ன பொய்யைத் திருத்த மூன்று பத்தி விளக்கமும் ஒரு ‘கவனிக்க’ பெட்டியும் வேண்டியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வேறொருவர் எழுதிய நிரலைப் பார்க்கிறவர் கண்முன்னே அந்தப் பெட்டி இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும்.

“பழைய நிரல்கள் உடைஞ்சுபோகுமே” என்பது அடுத்த சமாதானம். மைஎஸ்க்யூஎல் 8.0.22இல் ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ என்ற கட்டளைக்கு ‘ஸ்டார்ட் ரெப்ளிகா’ என்று புதுப் பெயர் வந்தது. பழையதும் கூடவே ஓடியது, வானம் இடிந்து விழவில்லை. மனசு இருந்தால் பெயரை மாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தரவுக்கு என்ன நடக்கும் என்பதை விருப்பத்தின் பெயரே சொல்லட்டும். வரிசையை வீசி எறியும் விருப்பத்தின் பெயரில் ‘வீசி எறி’ என்று இருக்கட்டும். உள்ளடக்கத்தை அழிப்பது ‘அழி’ என்றே அழைக்கப்படட்டும். அப்படிப் பெயர் வைக்க கூச்சமாக இருந்தால், அந்த விருப்பத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே கூச்சப்பட்டிருக்க வேண்டும்.