பேசிக்கொண்டே பார்க்கட்டுமே!

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரனோடு 'தி லயன் கிங்' பார்க்க உட்கார்ந்தேன். 1994-ல் வந்த டிஸ்னியின் பழைய கார்ட்டூன் படம். பையனுக்கு ஆறு வயது. வாய் ஓயவில்லை. "தாத்தா, அந்தச் சித்தப்பா சிங்கம் கெட்டவனா? அப்பா சிங்கம் எப்போ எழுந்திருக்கும்?" நானோ டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்தே படத்தின் நடுவில் யார் பேசினாலும் எரிச்சல்படுகிறவன். "பேசாம பாருடா" என்று ஓர் அதட்டல் போட்டேன். வாயை மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் எழுந்து பாட்டியிடம் போய்விட்டான்.

"அப்பா சிங்கம் செத்துப்போச்சேன்னு பயந்து கேட்டிருக்கான். அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் கழித்து மகள் இன்னொரு படம் போட்டுக் கொடுத்தாள். 'தி லயன் கிங் 1½'. அமெரிக்காவில் 2004-ல் தியேட்டருக்குப் போகாமல் நேரே வீடியோவாக வந்த படம். முதல் படத்தில் சிங்கக்குட்டி சிம்பாவை வளர்த்த இரண்டு நண்பர்கள் இதில் கதாநாயகர்கள். டிமோன், கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட். பும்பா, காட்டுப்பன்றி. இருவரும் ஆளில்லாத தியேட்டரில் உட்கார்ந்து, தங்கள் பழைய படத்தையே பார்க்கிறார்கள். நமக்குத் தெரிவது அவர்களுடைய முதுகும் தலையும்தான். "நாம வர்ற இடத்துக்கு ஓட்டு" என்கிறான் டிமோன். "முதலிலிருந்து பார்த்தால்தானே ஜனங்களுக்குப் புரியும்" என்பது பும்பாவின் கட்சி. ரிமோட்டுக்குச் சண்டை, நடுவே நொறுக்குத் தீனியாகப் பூச்சி!

முதல் படத்தில் சிம்பா பிறந்ததும் மிருகங்கள் எல்லாம் மண்டியிட்டு வணங்குமே, அந்தக் கம்பீரமான காட்சிக்கு இங்கே வேறு காரணம் சொல்கிறார்கள். கூட்டத்தில் பும்பா காற்றுப் பிரித்துவிட, பக்கத்திலிருந்தவை மயங்கிச் சாய்ந்தனவாம். மற்றவை அதை வணக்கம் என்று நினைத்துத் தாங்களும் குனிந்தனவாம்! பேரன் உருண்டு உருண்டு சிரித்தான். நானும்தான்.

இது நமக்குப் புதிதா என்ன? தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதானே? ராஜா மிடுக்காக வந்து நிற்பார். இவன் குறுக்கே பேசி ஊரைச் சிரிக்க வைப்பான். அதனால் கூத்து கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. விடிய விடியப் பயமும் அழுகையுமாகப் பார்க்கிற ஜனங்களுக்கு அவன்தான் மூச்சு விட இடம் கொடுத்தான்.

குழந்தையின் பேச்சும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். பயத்தை, புரியாததை அது பேசித்தான் இறக்கி வைக்கிறது. தியேட்டரில் நாலு பேருக்கு இடைஞ்சலாகப் பேசக்கூடாது, செல்போனில் கத்தக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வீட்டுக் கூடத்தில், தாத்தா பாட்டி மடியில் உட்கார்ந்து பார்க்கும்போதுமா?

படத்தின் முடிவில் மிக்கி மவுஸ் முதல் எத்தனையோ கார்ட்டூன் பாத்திரங்கள் கூட்டமாக வந்து, படத்தை மறுபடி பார்க்க உட்கார்ந்துவிடுகின்றன. "நாமளும் பழைய சிங்கப் படத்தை மறுபடி பார்க்கலாமா?" என்று பேரனைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "பேசலாமா தாத்தா?" என்றான்.

"பேசுடா ராஜா" என்றேன்.

அப்பா சிங்கம் விழுந்த இடத்தில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு நான்தான் பேசினேன்.