வாய்ச்சொல்லும் வாடகை வீடும்

ராசா நிலையத்தில் காலை வண்டியேறிக் கோலாலம்பூருக்குப் பிழைக்கச் செல்லும் நம் இளைஞரும் யுவதியரும் வெறுங்கையராய்ச் செல்வதில்லை. பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு மார்போடணைத்துக்கொண்டே செல்கின்றனர். வேலை கொடுப்பவன் ஒவ்வொன்றையும் கேட்கிறான். இவர்களும் தயங்காது நீட்டுகின்றனர். ஆனால் அதே இளைஞர் பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டிற் குடிபுகும் நாளன்று, வீட்டுக்காரனிடமிருந்து கேட்டு வாங்கும் காகிதங்கள் எத்தனை? பெரும்பாலும் ஒன்றுமில்லை. நாலாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு சாவியையும் ஒரு புன்னகையையும் பெற்றுக்கொண்டு வருகின்றனர். இதனை அறியாமையென்று சொல்லி இரங்கிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. இஃது ஒரு பழக்கம். தோட்டத்து லயத்திலிருந்து நாம் பட்டணத்திற்குச் சுமந்து வந்த பழக்கம்.

லயத்து வீடு எவ்வாறு நமக்குக் கிடைத்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பால்மரம் வெட்ட வந்தவனுக்குத் துரை ஓர் அறை கொடுத்தார். பெயர் செக்ரோலில் இருக்கும்வரை கூரை உண்டு. பெயர் அடிபட்டால் கூரையும் போயிற்று. பாட்டன் நாற்பதாண்டு அந்த லயத்தில் வாழ்ந்தான்; பிள்ளை பெற்றான்; பேரனையுங் கண்டான். ஆயினும், அச்சுவரோடு அவனைப் பிணைக்கும் காகிதம் ஒரு துண்டேனும் அவன் பெட்டியில் இருந்ததில்லை. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிக்கென வந்த 446-ஆம் எண் சட்டம், வீடும் தண்ணீரும் எத்தகையனவாய் இருக்கவேண்டுமென்று முதலாளிமார்க்கு வரையறை செய்தது. அந்த மட்டில் அது நன்றே. ஆனால் வேலை போனபின் அவ்வீடு யாருடையது என்ற கேள்விக்கு அதில் தொழிலாளிக்கு உகந்த விடை இல்லை.

விளைவு யாதென்பதைக் கோலசிலாங்கூர் வட்டாரத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரைச் சுற்றி மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என ஐந்து தோட்டங்கள். அவற்றின் முன்னாள் தொழிலாளர் தமக்கென ஒரு வீடு வேண்டுமென்று எத்தனை ஆண்டுகள் போராடினர்! உழைத்த காலமும் குறைவன்று, பெற்ற வாக்குறுதிகளும் குறைவன்று. கையில் காகிதம் மட்டுமே இல்லை. வாய்ச்சொல்லை நம்பியவன் வயிற்றில் அடிபடுவான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அக்குடும்பங்களின் பிள்ளைகளே இன்று செந்தூலிலும் கெப்போங்கிலும் செராசிலும் வாடகைக்கு வீடு தேடுகின்றனர். கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 1,200 வெள்ளி என்போம். வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம் 2,400. தண்ணீர், மின்சாரத்துக்கென அரை மாத வாடகை 600. முதல் மாத வாடகை 1,200. ஆக 4,200 வெள்ளி. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700. இரண்டரை மாதம் உண்ணாமலும் உடுக்காமலும் இருந்தாலன்றிச் சேராத தொகை அது. தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்த்தான் பெரும்பாலும் இப்பணம் வருகிறது. அதனை ரசீதின்றிக் கொடுக்கிறோம்!

ஏன் ரசீது கேட்கவில்லை என்று வினவினால் வரும் விடை நம்மைத் தலைகுனியச் செய்கிறது. "அவர் நம்ம ஆள்தானே!" நம்ம ஊர், நம்ம கோயில், நம்ம ஜாதி. இவையெல்லாம் ரசீதுக்கு ஈடாகுமோ? ஏமாற்றுகிறவன் முதலிற் பேசுவதே உறவுமுறை அல்லவா? "தம்பி, உனக்காகத்தான் இந்த வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறேன், நாளை வேறொருவர் வருகிறார்" என்று அவசரப்படுத்துகிறவன், அவ்வீட்டுக்குச் சற்றும் உரிமையில்லாதவனாய் இருக்கலாம். பத்திரம் கேட்பது மரியாதைக் குறைவென்று நமக்குப் போதித்தவர் யார்? நேர்மையுள்ள வீட்டுக்காரனுக்கு அக்கேள்வியால் ஒரு குறையுமில்லை. கோபிக்கிறவனிடம் வீடெடுக்காமலிருப்பதே நலம்.

எனவே, பணப்பையைத் திறக்குமுன் கண்ணைத் திறக்கவேண்டும். வீட்டை நேரிற் காணாமல், கைப்பேசியில் வந்த படத்தை மட்டும் நம்பி, ஒரு காசும் அனுப்பலாகாது. மாநகர் மன்றத்தின் வீட்டு வரிச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதென்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஐயம் தீராவிடில் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி உரிமையாளரின் பெயரைத் தேடிப் பார்க்க எவருக்கும் வழியுண்டு. தரகரா? 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்துத் தரகருக்கும் அவர்தம் பேச்சாளருக்கும் வாரியத்தின் பதிவெண் உண்டு. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி அவ்வெண்ணை வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் செலுத்தும் வங்கிக் கணக்கு, உரிமையாளர் அல்லது பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஏமாந்தது தெரிந்த மறுகணமே 997 என்னும் எண்ணை அழைத்தால், பணம் கைமாறுமுன் தடுக்க ஓரளவு வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மூன்று நாள் மறைத்து வைத்தால் அதுவும் இல்லை.

பி.பி.ஆர். வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழைகளுக்கென மாதம் 124 வெள்ளி வாடகையில் அரசாங்கம் கொடுத்த அவ்வீடுகளை, கொடுக்கப்பெற்றவரே ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் பிறருக்கு உள்வாடகை விடுவதுண்டு. இது விதிக்கு மாறானது. சோதனை வரும் நாளில் வெளியே நிற்பது நாமே. முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வாயிராது. ஓர் ஏழையின் பங்கை மற்றோர் ஏழைக்கு விற்று இலாபம் காணும் இந்த வியாபாரத்தை நம்மவருட் சிலர் சாமர்த்தியம் என்று பாராட்டுகின்றனர். நாம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

இனி, ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதாது. 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, கையொப்பமிட்ட முப்பது நாட்களுக்குள் அதற்கு முத்திரையிடவேண்டும். முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தண்டம் கட்டி முத்திரையிட்ட பின்னரே அதனைத் தொடும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் விளங்கியதுபோல் தலையாட்டாதீர்கள். தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு வரிவரியாய்ப் படிக்கச் சொல்லுங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், ஒழுகும் குழாயைச் செப்பனிடுவது யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லையேல் அது பத்திரமன்று. குடிபுகும் நாளன்றே சுவர், கதவு, மின்மானி யாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரனுக்கே அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது பழைய விரிசலுக்குப் புதுக் கணக்கு எழுதுவோர் உளர்.

சட்டம் நமக்கு முற்றும் பகையென்று எண்ணவேண்டா. 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவன் வீட்டில் இருந்தால், நீதிமன்றத்தின் வழியாகவன்றி அவனை வெளியேற்றலாகாது என்கிறது. பூட்டை மாற்றுவதும் சாமான்களை நடைபாதையில் எறிவதும் வீட்டுக்காரனின் உரிமையல்ல. ஆனால் வாடகை பாக்கி வைப்பவனுக்கும் சட்டம் உண்டு: 1951-ஆம் ஆண்டு ஜப்திச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்று அவன் பண்டங்களைக் கைப்பற்றலாம். முன்பணம் திரும்பாவிடில், 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீலின்றித் தாமே தொடுக்கலாம். நம் 2,400 வெள்ளி அதற்குள் அடங்குகிறதன்றோ? இவ்வழியில் சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும் போலும்.

நிற்க, நம் நெஞ்சைச் சுடும் மற்றொன்றுண்டு. "இந்தியருக்கு இல்லை" என்று வாடகை விளம்பரத்தில் வெட்கமின்றி எழுதுகின்றனர். எல்லோரும் சட்டத்தின்முன் சமம் என்று அரசமைப்பின் 8-ஆம் விதி கூறுவது உண்மையே. ஆனால் அவ்வுரிமைகள் அரசாங்கத்தையே கட்டுப்படுத்தும், தனியாரையல்ல என்று 2005-ஆம் ஆண்டு பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, தோலின் நிறம் பார்த்துக் கதவடைப்பவனைத் தடுக்க நேரான சட்டமில்லை. இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997-இல் நீக்கப்பட்டது. குடியிருப்பு வாடகைச் சட்டமொன்று வருமென்று அமைச்சர்கள் பலமுறை சொல்லியும் 2024 முடியும்வரை அது நிறைவேறவில்லை. தேர்தற்காலத்தில் தோட்டம் தேடி வரும் பெருமக்களிடம் நாம் கேட்கவேண்டியது அரிசி மூட்டையன்று, இச்சட்டமே.

இவ்விழிவைக் கண்டு நாம் கொதிக்கிறோம், கொதிப்பது நியாயமே. ஆயின், சொந்தமாய் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிய நம்மவர் செய்வதென்ன? தனியே வேலை பார்க்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க மறுப்பவர் எத்தனை பேர்! குடிவர வந்த தமிழனிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று மெல்லக் கேட்பவர் எத்தனை பேர்! பிறன் நம் முகத்தில் அறைந்த கதவை நாம் நம்மவர் முகத்தில் அறைகிறோம்.

தோட்டக் கோயில் நிர்வாகத்தாருக்கு நம் வேண்டுகோள் ஒன்று. திருவிழாவில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கே போதும். பட்டணம் புறப்படும் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு வக்கீலை அழைத்து, உண்மையான வாடகைப் பத்திரம் ஒன்றைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அர்ச்சனைச் சீட்டுக்கு எண்ணிட்டு ரசீது கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு இது அரிய காரியமன்று.