விரைவும் தடையும்

மோட்டார் வண்டியின் மேன்மையை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அதன் எஞ்சினையே புகழ்வர். இத்தனை குதிரைத்திறன் உடையது, இத்தனை நொடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை எய்தும் என்று உவகையோடு கணக்கிடுவர். அவ்விரைவினின்று மீண்டு நிற்க எத்தனை மீட்டர் வேண்டும் என வினவின், பலர் விடையின்றி விழிப்பர். ஓடுந்திறத்தின்மேல் உள்ள ஆர்வம் நிற்குந்திறத்தின்மேல் இல்லாமையே இதற்குக் காரணம். விரைவு வண்டி ஒன்றைத் திருத்த விழையும் இளைஞர், எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கையும், வளைவில் வண்டி கைக்கடங்கிச் செல்லும் இயல்பையும் திருத்தல் வேண்டும் என்பதும், அத்திருத்தத்தால் வரும் ஊதியத்தைப் பொதுச்சாலையில் மீண்டும் விரைவாகச் செலவிடலாகாது என்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுந்த கருத்துக்களாம்.

பிரேக் செய்யும் தொழில் யாதென முதற்கண் ஆராய்வோம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றிற் கலக்கச் செய்தலே அதன் தொழில். இவ்வாற்றல் விரைவின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. விரைவு இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்காகும். 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 120 கிலோமீட்டர் விரைவினின்று ஒருமுறை நிற்குங்கால் வெளிப்படும் வெப்பம், ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொணரப் போதுமானது. உலர்ந்த நல்ல சாலையில் 60 கிலோமீட்டர் விரைவினின்று நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டுமாயின், 120 கிலோமீட்டர் விரைவினின்று நிற்கச் சுமார் 80 மீட்டர் வேண்டும். இடரைக் கண்டு காலை எடுத்து மிதிக்க ஒரு நொடி கழியுமேல், அந்நொடியில் முன்னதில் 17 மீட்டரும் பின்னதில் 33 மீட்டரும் வண்டி தடையின்றி ஓடிவிடும். எஞ்சினுக்குச் சேர்க்கும் குதிரைத்திறன் அனைத்தும் பிரேக்கின் தலைமேல் ஏற்றப்படும் கடன் என்பது இக்கணக்கால் இனிது விளங்கும்.

இக்கடனைத் தீர்க்க அறிஞர் கண்ட வழிகளுள் தலையாயது டிஸ்க் பிரேக். பழைய டிரம் பிரேக்கில், சுழலும் வட்டப் பெட்டியின் உட்புறத்தே வளைந்த கட்டைகள் அழுந்தும். வெப்பம் உள்ளேயே அடைபடுதலால், அடுத்தடுத்து மிதிக்குங்கால் பிடிப்புக் குன்றும். டிஸ்க் பிரேக்கிலோ வெளிப்படச் சுழலும் இரும்புத் தட்டைப் பேட்கள் இருமருங்கும் கவ்வும். காற்றுப் பட்டு வெப்பம் எளிதில் நீங்கும். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரேக்குக்கு உரிமை பெற்றிருந்தார். எனினும் மோட்டார் உலகம் இதன் சிறப்பை ஐயமற உணர்ந்தது, 1953ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லெ மானில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தின் பின்னரே. டன்லப் நிறுவனத்தாரின் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் சி-டைப் வண்டிகள் அப்பந்தயத்தில் முதலாம், இரண்டாம், நான்காம் இடங்களைப் பெற்றன. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் என்னும் இருவர் மாறிமாறிச் செலுத்திய வண்டி மணிக்கு 170 கிலோமீட்டர் சராசரி விரைவில் ஓடி வாகை சூடியது. அங்கு வென்றோரின் சராசரி விரைவு மணிக்கு 100 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. அவ்வண்டியினும் பெரிய எஞ்சின் பூண்டவை அன்று களத்தில் இல்லாமலில்லை. ஆயினும் நெடிய நேர்பாதையின் முடிவில் டிரம் பிரேக் பூண்டவை முன்கூட்டியே தளர நேர்ந்தது. ஜாகுவாரோ மேலும் சிறிது தொலைவு முழுவிரைவில் சென்று பின்னரே தளர்ந்தது. நாள் முழுதும் அவ்வாறு செய்தும் அதன் பிடிப்புக் குன்றவில்லை. நிற்க வல்லதே விரைய வல்லதாயிற்று.

பந்தயத்திற்கென்றே அமைத்த வண்டியின் கதை ஏனையவற்றிற்குப் பொருந்துமோ எனின், சந்தையில் விற்ற சிறுவண்டி ஒன்றின் வரலாற்றையும் காட்டுவோம். அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி என்னும் கார் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுமார் 10 அடி நீளமும், 10 அங்குலச் சக்கரமும், 848 கன செண்டிமீட்டர் எஞ்சினும், 34 குதிரைத்திறனும் உடைய எளிய வண்டி அது. நான்கு சக்கரங்களும் நான்கு மூலைகளில் அமைந்தமையாலும், ஸ்பிரிங்குக்கு மாற்றாக ரப்பர்க் கூம்புகள் இடப்பட்டமையாலும், வளைவுகளில் சாயாது ஒட்டிச் சென்றது. பந்தய வண்டிகள் கட்டுதலில் பேர்பெற்ற ஜான் கூப்பர் இவ்வியல்பைக் கண்டு, இதற்கு மிகுதியான ஆற்றல் அளிக்க விரும்பினார். 1961ஆம் ஆண்டில் வந்த மினி கூப்பரின் எஞ்சின் 55 குதிரைத்திறன் பெற்றது. உடன்தானே முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க் பிரேக்கும் பொருத்தினர். அச்சிறு தட்டு அவ்விரைவுக்குப் போதிய வன்மையுடையதன்று என்னும் குறை எழுந்தது. 1963ஆம் ஆண்டில் கூப்பர் எஸ் 70 குதிரைத்திறனோடு வெளிவந்தபோது, தட்டினை ஏழரை அங்குலமாகப் பெருக்கித் தடிப்பும் மிகுத்து, மிதிக்கும் விசையைப் பெருக்கும் துணைக்கருவியும் சேர்த்தனர். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பனி மூடிய மலைப்பாதைகளில் நடந்த மான்டி கார்லோ போட்டியில் மினியே வென்றது. 1964ஆம் ஆண்டில் அதற்கு அடுத்த இடம் பெற்றது 4.7 லிட்டர் எஞ்சின் பூண்ட ஃபோர்டு ஃபால்கன்! சிறிய எஞ்சினுக்கு அன்றைய விதிகள் சலுகை அளித்தன என்பது மெய்யே. ஆயினும் கைக்கடங்காத வண்டிக்குச் சலுகை ஒன்றே வெற்றியை ஈட்டித் தராது என்பதும் மெய்யே. ஆற்றல் ஒருபடி ஏறுந்தோறும் தடையும் ஒருபடி ஏறிய முறைமையே இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கது.

இனி, இக்காலத்து வண்டியைத் திருத்துவோர் கொள்ளத்தக்க ஒழுங்கினைக் கூறுவோம். பலர் எடுத்த எடுப்பிலேயே பெரிய தட்டும் செந்நிறம் பூசிய பெரிய காலிப்பரும் வாங்கிப் பொருத்துகின்றனர். இஃது அடியை விட்டு நுனியைப் பற்றுதலை ஒக்கும். வண்டியை நிறுத்துவது முடிவில் பிரேக் அன்று, டயரே. சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கையகலப் பரப்பிலேயே சாலையைத் தொடுகின்றது. அப்பரப்பின் பிடிப்புக்கு மேல் எப்பிரேக்கும் வண்டியை நிறுத்த இயலாது. இருக்கும் பிரேக்கே சக்கரத்தை இறுகப் பூட்ட வல்லதாயின், அதனினும் பெரியதைப் பொருத்துவதால் ஒருமுறை நிற்கும் தூரம் குறைவதில்லை. பலமுறை நின்றும் பிடிப்புக் குன்றாமை ஒன்றே பெரிய தட்டால் வரும் பயன். ஆதலின் முதற்செலவு நல்ல டயருக்கும் அதிலுள்ள காற்றின் அளவுக்கும் உரியது.

இரண்டாவது, பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 என்னும் வகை, புதியதாயிருக்குங்கால் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையதாதல் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 பாகையே. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழியாயின், மிதிகட்டை தரைவரை சென்றும் வண்டி நில்லாது. சிலநூறு ரூபாயில் முடியும் இம்மாற்றத்தைப் புறக்கணித்து இலட்சம் ரூபாய்த் தட்டினைத் தேடுவோரை என்னென்பது! மூன்றாவது, பேட்கள். பந்தயத்திற்குரிய பேட் சூடேறிய பின்னரே நன்கு கவ்வும். காலையில் வீட்டினின்று புறப்பட்டு முதல் தெருமுனையில் மிதிக்குங்கால், சாதாரணப் பேட்டினும் அது குறைவாகவே பிடிக்கும். விலையேறிய பொருள் எல்லாம் எவ்விடத்தும் மேலான பொருளாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பெரிய பிரேக்கே வேண்டுமெனினும், முன்னும் பின்னும் அளவொத்தல் வேண்டும். மிதிக்குங்கால் வண்டியின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கின்றது. பின்பிரேக் அளவிறந்து வலியதாயின் பின்சக்கரம் முதலிற் பூட்டுண்டு வண்டியின் வால் சுழலும். முன்பிரேக்கை மட்டும் பெருக்கின், பின்டயர்களின் பிடிப்பு வீணே கிடக்கும். சஸ்பென்ஷன் திருத்தத்திலும் இந்நெறியே பொருந்தும். இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார் முன்புறத்தில் மிகத் தடித்தால், வண்டி வளைவில் திரும்ப மறுத்து நேரே செல்ல முற்படும். பின்புறத்தில் மிகத் தடித்தால் வால் வெளிவீசும். அழகு கருதி வண்டியை மிகத் தாழ்த்துவோர், மேடுபள்ளத்தில் சக்கரம் மேலெழ இடமின்றி, அது தரையை விட்டுத் துள்ளச் செய்கின்றனர். தரையை விட்ட டயருக்குப் பிடிப்பு ஏது? மேலும், டயரின் பிடிப்பு ஒரே பணப்பையில் உள்ள பொருள் போன்றது. திரும்புதற்குச் செலவிட்ட பங்கு நிறுத்துதற்குக் கிட்டாது. வளைவுக்கு முன்னரே விரைவைக் குறைத்துவிட வேண்டும் என்று வல்லுநர் கற்பிப்பது இதுபற்றியே.

இவ்வாறெல்லாம் செம்மையுறத் திருத்திய வண்டியைப் பெற்றவர் அதனை யாங்ஙனம் பயன்படுத்தல் வேண்டும்? எமது கருத்தின் உயிர்நிலை இவ்வினாவிலேதான் உள்ளது. பிரேக் நன்றாயிருத்தலின் இன்னும் விரைந்து செல்லலாம் என்று எண்ணுதல் மனித இயல்பு. சக்கரம் பூட்டுண்ணாமற் காக்கும் ஏ.பி.எஸ். கருவியை ஒருசாரார்க்கு அளித்தும் ஒருசாரார்க்கு அளியாதும், ஜெர்மனியின் முனிச் நகர வாடகைக் கார்களை வைத்து 1980களில் ஆய்வொன்று நடந்தது. கருவி பெற்றோர்க்கு நேர்ந்த விபத்துக்கள் குறைந்தனவல்ல. அவர்கள் முன்னினும் துணிந்து செலுத்தினர் என்பதே கண்ட முடிவு. கருவி ஈட்டித் தந்த பாதுகாப்பை ஓட்டுநரே விரைவாகச் செலவிட்டுவிட்டனர்.

அடைக்கப்பட்ட பந்தயக் களத்தில் அங்ஙனம் செலவிடுதல் முறையே. 1953ஆம் ஆண்டின் ஜாகுவார் அதனையே செய்தது. ஆயினும் அதே லெ மான் களத்தில் 1955ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் நிகழ்ந்ததை மறத்தல் ஆகாது. முன்சென்ற ஜாகுவார் ஒன்று தன் நிறுத்தகத்தை நோக்கி விரைவைக் குறைத்தது. அதன்மேல் மோதாதிருக்கப் பின்வந்த ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதற்கும் பின்னே பெருவிரைவில் வந்த மெர்சிடிஸ் அதன்மேல் ஏறித் தூக்கியெறியப்பட்டுச் சிதறியது. காணவந்த மக்களுள் 80 பேருக்கு மேல் மாண்டனர். பழி முழுவதையும் ஓட்டுநர் ஒருவர்மேற் சுமத்துதல் முறையன்று. அக்களத்தின் அமைப்பே அவ்விரைவுகட்கு ஏற்றதாயில்லை. பந்தயத்திற்கென்றே ஒதுக்கிய களத்திலேயே, நம் நிறுத்தம் பின்வருவோர் நிலையையும் சார்ந்தது எனின், மாட்டுவண்டியும் மிதிவண்டியும் பள்ளிச் சிறாரும் ஒருங்கே செல்லும் நம் சாலைகளைப்பற்றி என் சொல்வது!

நல்ல பிரேக் நமக்கு மிச்சப்படுத்தும் 10 மீட்டர் நம் உடைமையன்று என்பதே எமது துணிபு. அது சாலையைக் கடக்கும் முதியவருக்கும், பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தைக்கும் உரிய நிலம். நல்ல பிரேக்கைப் பொருத்திக்கொண்டு அதனளவு விரைவையும் கூட்டுபவர், பிறர்க்கென அளந்த நிலத்தைத் தாமே கவர்ந்தவராகின்றார். விரைவின் இன்பம் தீதென்று யாம் கூறவில்லை. அதனைத் துய்க்க விரும்புவோர்க்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயக் களங்கள் உள்ளன. அங்குச் சென்று தம் வண்டியின் எல்லையை அறிக. அறிந்தபின் சாலையில் அவ்வெல்லைக்கு நெடுந்தொலைவு இப்பாலே நிற்க.

யாக்கோபு தமது நிருபத்தில் குதிரையின் கடிவாளத்தையும் கப்பலின் சுக்கானையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றார். பேருடலையும் பெருங்கலத்தையும் சிறியதொரு கருவி ஆளுதலே அவர் காட்டும் உவமை. அவர் பேசுவது நாவைப்பற்றி. எனினும் மோட்டார் வண்டி செலுத்துவோர்க்கும் அவ்விரண்டும் பொருந்துவனவே. புதிய வண்டி வாங்கவும் பழையதைப் புதுக்கவும் எண்ணும் எம் கல்லூரித் தோழர்கள், வழங்கும் சட்டத்திற்கு இசைய, முதலில் டயரையும் ஆயிலையும் பேட்டையும் நோக்குக; அடுத்துச் சஸ்பென்ஷனைச் செம்மை செய்க; அதன்பின் தேவை உண்டாயின் பெரிய தட்டினைப் பொருத்துக; எஞ்சினை எல்லாவற்றிற்கும் இறுதியில் தொடுக. அவ்வரிசையில் செல்வோருட் பலர், இறுதிக்கு வருமுன்னரே தம் வண்டி தமக்குப் போதுமானது என்று கண்டு நின்றுவிடுவர் என நம்புகின்றோம்.