மாரிமுத்தாப் பிள்ளையின் மெட்டு எங்கே?

தமிழிசை மூவர் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். முத்துத்தாண்டவர் பெயர் பலருக்குத் தெரியும். அருணாசலக் கவிராயரை இராம நாடகம் காப்பாற்றிவிட்டது. மூன்றாமவர் யார் என்றால் இசை பயிலும் மாணவர்களே தடுமாறுகிறார்கள். சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் 1712இல் பிறந்து, 1787இல் மறைந்த மாரிமுத்தாப் பிள்ளைதான் அவர். அவர் மறைந்தபோது தியாகராஜருக்கு வயது 20.

தில்லைக் கூத்தனை உரிமையோடு சீண்டிப் பார்க்கும் வஞ்சப்புகழ்ச்சியில் அவருக்கு நிகர் குறைவு. அப்படிப்பட்டவர் பாடியவற்றில் இன்று கைக்கு எட்டுபவை ஏறத்தாழ 25 கீர்த்தனைகளே. யதுகுல காம்போதியில் அமைந்த 'காலைத் தூக்கி' மட்டும் பரதநாட்டியத்தின் தயவில் ஊரறிய உயிரோடிருக்கிறது.

சாகித்தியம் அச்சில் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிம்மதிதான் ஆபத்து. தியாகராஜரின் பாடல்களை வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் எனச் சீடர் வழிகள் சுமந்து வந்தன. முத்துசாமி தீட்சிதரின் பாடல்களை 1904இல் சுப்பராம தீட்சிதர் சுரப்படுத்தி அச்சேற்றினார். பிள்ளைக்குச் சுரம் எழுதி வைக்க யாரும் வாய்க்கவில்லை, பாடாந்தரமும் அறுந்துபோனது. அவர் காதில் ஒலித்த மெட்டு எது என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் பிறந்த தமிழ் இசைச் சங்கமும் இந்தப் பழம்பாடல்களுக்கு மறுவாழ்வு தந்தன. வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்தார்கள், பாடினார்கள், கற்பித்தார்கள். நாம் எச்சரிக்க விரும்புவது அந்த இரண்டாவது பிறவியைப் பற்றித்தான். முதல் இழப்புக்குக் காலத்தின் மேல் பழி போடலாம். இப்போது ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இருந்தும் எந்த மெட்டு யாருடையது, எப்போது அமைந்தது, ராகம் எங்கே மாறியது என்ற விவரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே உலவுகிறது. அந்த மெட்டுகளை நேரில் கற்ற தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

சீர்காழியில் மூவருக்கும் மணிமண்டபம் எழுப்பியாயிற்று. சிலைக்கு மாலை போடலாம். சிலையிடம் பாடம் கேட்க முடியாது.

கச்சேரிகளிலோ தமிழ்ப் பாடல் இன்னமும் துக்கடா நேரத்துக்காகக் காத்திருக்கிறது. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் முடித்து, பாதிப்பேர் கேன்டீன் பக்கம் போன பிறகு பிள்ளையின் பாட்டை நாலு நிமிடத்தில் பாடி முடிப்பதற்குப் புத்துயிர்ப்பு என்று பெயர் சூட்ட வேண்டாம். ராக ஆலாபனையும் நிரவலும் சுரமும் சேர்த்து மையப் பாடலாக அதை எடுக்கும் துணிவு முன்னணிப் பாடகர்களுக்கு வேண்டும். மார்கழியில் ஒரு சபா ஒரு மாலையை ஒதுக்கினாலும் போதும்.

அரசும் இசைப் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியது அதைவிட அவசரமானது. மூத்த நட்டுவனார்கள், இசை ஆசிரியர்கள், நாகசுரக் குடும்பங்கள் ஆகியோரிடம் எஞ்சியிருக்கும் மெட்டுகள் அத்தனையையும், ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும், அப்படியே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மெட்டமைத்தவர் பெயரோடு சுரக்குறிப்பு வெளிவர வேண்டும். வானொலி நிலையங்களில் உள்ள பழைய நாடாக்களில் தேட வேண்டும். சுமார் 25 பாடல்களுக்கு இதைச் செய்யப் பெரிய திட்டமோ கோடிகளோ தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.