பாதுகாப்பு கம்பெனி கேட்டுல ஆரம்பிக்கல, பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிக்குது!



ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்க. கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் பாதித் தூக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போற கம்பெனி வண்டிக்கு நிற்கிற பிள்ளைகள், திருத்தணிக்குப் போய் சென்னை ரயில் பிடிக்கிறவங்க, நகரி பக்கம் வேலைக்குப் போறவங்க. இவங்கதான் நம்ம ஊரின் அடுப்பை எரிய வைக்கிறவங்க.

கொரோனாவுக்குப் பிறகு "எல்லாரும் வேலைக்குத் திரும்பலாம், பாதுகாப்பு ஏற்பாடு தயார்" என்று சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? கேட்டில் நெற்றிக்கு நேரா ஒரு கருவி. கையில் ரெண்டு சொட்டு சானிடைசர். தரையில் வட்டம் வட்டமா பெயிண்ட். உள்ளே 6 அடி இடைவெளி. எல்லாம் சரி. ஆனா அந்த கேட்டு வரைக்கும் நீங்க எப்படி வந்தீங்க? வேனில் முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஜன்னலை மூடிக்கிட்டு, ஒன்றரை ரெண்டு மணி நேரம். அதைப் பற்றி எந்த அதிகாரி கேட்டார்?

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். "முடிஞ்ச கதையை இப்ப எதுக்குப் பேசணும்?" என்று நினைக்காதீங்க. கடைசி வரை படிங்க.

ஆபீசுக்கு விதி இருந்தது, வழிக்கு இல்லை

2020 ஜூன் 4-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அலுவலகங்களுக்கான வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 6 அடி இடைவெளி, முகக்கவசம், ஏசி 24 முதல் 30 டிகிரிக்குள், வெளிக்காற்று உள்ளே வரணும், காய்ச்சல் இருமல் இருக்கிறவர் வேலைக்கு வரக்கூடாது. நல்ல விதிகள்தான். குறை சொல்லல.

தமிழ்நாடு அரசும் ஒரு நல்ல வேலை செய்தது. 2020 மே 18 முதல் அரசு அலுவலகங்களில் பாதிப் பேர் மட்டும் வந்தாப் போதும் என்றது. ஊழியர்களை ரெண்டு பிரிவாகப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு ரெண்டு நாள், அடுத்த பிரிவுக்கு ரெண்டு நாள் என்று மாற்றி மாற்றி வேலை கொடுத்தாங்க. சனிக்கிழமையையும் வேலை நாளாக்கினாங்க. கூட்டத்தைக் குறைக்க இது சரியான வழி. ஒருத்தருக்கு நோய் வந்தாலும் மொத்த ஆபீசும் படுக்காது.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியா பாருங்க.

2020 செப்டம்பர் 1: அரசு அலுவலகங்களுக்கு 100 சதவீத ஊழியர்களும் வரணும் என்றாங்க. மாவட்டத்துக்குள் பஸ் ஓட ஆரம்பித்தது.

செப்டம்பர் 7: மாவட்டம் விட்டு மாவட்டம் போற பஸ் வந்தது.

அக்டோபர் 5: சென்னை புறநகர் ரயில், அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்.

நவம்பர் 23: கூட்ட நேரம் தவிர்த்து பெண்களுக்கும்.

டிசம்பர் 23: கூட்ட நேரம் தவிர்த்து பொதுமக்கள் எல்லாருக்கும்.

நம்ம ஊர் திருவள்ளூர் மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டம். அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். செப்டம்பர் முதல் வாரத்தில் எல்லை தாண்டி வேலை செய்கிறவருக்கு வேலை இருந்தது, அரசு பஸ் இல்லை. தனியார் கடையிலும் சின்ன ஆபீசிலும் வேலை செய்த ஆண்களுக்கு, டிசம்பர் கடைசியில் ரயில் கிடைத்தபோதும் காலை மாலை வேலை நேரத்தில் ஏற முடியாது. அப்புறம் என்ன செய்வாங்க? பைக்கில் மூணு பேர், ஷேர் ஆட்டோவில் எட்டு பேர். நோய்க்கு பயந்து ரயிலை நிறுத்தினாங்க, கூட்டம் ஆட்டோவுக்குள்ள ஏறிடுச்சு.

சென்னையில் சொந்தக் காரில் ஆபீஸ் போறவருக்கு இது தெரியாது. பள்ளிப்பட்டில் ரயில் நிலையமே இல்லாத நமக்குத் தெரியும். திண்டிவனம் – நகரி ரயில் பாதை நம்ம பக்கம் வரும் என்று எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கோம்!

காய்ச்சலை மறைக்க வைத்தது யார்?

"காய்ச்சல் இருந்தா வராதே." கேட்க நல்லா இருக்கு. அன்றைய சம்பளம்?

ஈ.எஸ்.ஐ. இருக்கே என்பாங்க. இருக்கு. நோய்க்கால உதவியா சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனா அன்றைக்கு இருந்த 1948-ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 49-வது பிரிவில் ஒரு வரி இருந்தது. புதுசா நோய்வாய்ப்பட்டால் முதல் 2 நாளுக்கு அந்த உதவி கிடையாது என்றது அது. 15 நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த 2 நாள் கழிவு இல்லை.

இப்ப யோசிங்க. தொண்டை கரகரன்னு ஆரம்பிக்கிற அந்த முதல் ரெண்டு நாள்தான் அடுத்தவருக்கு ஒட்டுற முக்கியமான நேரம். அந்த ரெண்டு நாள்தான் ஒரு தொழிலாளி வீட்டில் இருக்கணும். சட்டம் காசு கொடுக்காத நாளும் அதே ரெண்டு நாள்தான்! ஒரு பாராசிட்டமால் போட்டு, நெற்றி சூடு இறங்கினதும் வேனில் ஏறி உட்கார்ந்தவரை நாம திட்ட முடியுமா? அவர் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீசும் தெரிஞ்ச யாரும் திட்ட மாட்டாங்க.

அதிலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் வேற ஆள் வந்துடுவார். ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017-லிருந்து 21,000 ரூபாய். ஓவர்டைம் இல்லாமலே அதைத் தாண்டிட்டா திட்டத்துக்கு வெளியே. நம்ம ஊர் விசைத்தறிக்காரரைக் கேளுங்க. வீடே பட்டறை, கூலி மீட்டர் கணக்கில். அவருக்கு விடுப்பு என்ற வார்த்தையே கிடையாது. தறி நின்னா அடுப்பு நிற்கும்.

தொழிலாளி கேட்ட பிறகுதான் வழி பிறந்தது

2021 மே மாதம், ரெண்டாவது அலை. ஊரெல்லாம் ஊரடங்கு. கார் கம்பெனிகள் ஓடிக்கிட்டிருந்தன. மே 24-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினாங்க. அடுத்த நாளிலிருந்தே 5 நாளுக்கு ஆலையை மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒரகடம் ரெனோ நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அவங்க கேட்டது பெரிய விஷயம் இல்ல. ஓடுகிற அசெம்பிளி லைனில் வண்டிக்கு வண்டி ஒட்டி வந்தால் ஆளுக்கு ஆள் எப்படித் தள்ளி நிற்பது? நடுவில் காலி இடம் விடுங்க என்பதுதான். அந்த ஆலையும் சில நாள் மூடியது. தொழிலகப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி நேரில் போய்ப் பார்க்கணும் என்று நீதிமன்றம் சொன்னது.

லைனில் எங்கே காற்று வரல, எங்கே தோள் உரசுது, கேன்டீனில் எத்தனை மணிக்கு நெரிசல் என்று அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். ஏசி ரூமில் உட்கார்ந்து போடுகிற திட்டத்தில் அது வராது.

அதே 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தாங்க. அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கே அவங்க தூங்குற அறை தெரிஞ்சது. மூடின ஆலை 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. வேலையிடம் என்பது ஆலையின் நாலு சுவர் மட்டும் இல்ல. தூங்குற பாய், சாப்பிடுற தட்டு, ஏறுற வேன் எல்லாமே வேலையிடம்தான்.

சரி, இப்ப எதுக்கு?

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்றது. அவசரம் முடிந்தது, பழக்கம் மாறவில்லை. இன்றைக்கும் மழைக்காலம் வந்தா வீட்டுக்கு ஒரு காய்ச்சல். இன்றைக்கும் காய்ச்சலோடு வேனில் ஏறுறாங்க. இன்றைக்கும் ஜன்னல் மூடியிருக்கு. அடுத்த தொற்று எப்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு ஓடுவதை விட, வெயில் இருக்கும்போதே கூரையை மேயறதுதான் புத்திசாலித்தனம்.

அதனால் நாம் கேட்பது இதுதான்:

1. காய்ச்சல் விடுப்புக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம். "முதல் 2 நாள் கிடையாது" என்ற கணக்கு எந்தச் சட்டத்திலும், எந்த விதியிலும் இருக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே உரிமை.

2. கம்பெனி வண்டியும் பாதுகாப்பு ஆய்வில் சேரணும். எத்தனை சீட்டோ அத்தனை ஆள். ஜன்னல் திறக்கணும். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டுக்குள் போகும் முன் வண்டியைப் பார்க்கணும்.

3. ஆபீஸ் திறக்கும் தேதியும் பஸ், ரயில் ஓடும் தேதியும் ஒரே உத்தரவில் வரணும். பள்ளிப்பட்டிலிருந்து காலை ஷிஃப்டுக்கும், இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களுக்கும் கூடுதல் அரசு பஸ் வேணும்.

4. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஆள் இருக்கணும். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் ஒரு பெண் பிரதிநிதி.

5. விசைத்தறி, கைத்தறித் தொழிலாளர்களுக்கு நோய்க்கால உதவி. வீட்டில் வேலை செய்கிறவர் தொழிலாளி இல்லையா?

முதலாளிகளுக்கு எதிராப் பேசுறோம் என்று யாரும் எடுத்துக்க வேண்டாம். ஒருத்தர் ரெண்டு நாள் வீட்டில் இருப்பதற்கான சம்பளம் பெருசா, ஒரு லைன் மொத்தமும் அஞ்சு நாள் நிற்பது பெருசா? 2021 மே மாதமே பதில் சொல்லிடுச்சு.

நீங்க செய்ய வேண்டியது

இன்றைக்கே உங்க சம்பளச் சீட்டை எடுங்க. ஈ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்களா பாருங்க. உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். பிடிச்சிருந்தா உங்க எண் என்ன, பணம் ஒழுங்கா கட்டுறாங்களா என்று கேளுங்க. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குக் கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவி கிடைக்கும். காய்ச்சல் வந்த அன்றைக்கு இதைத் தேடினா நேரம் போயிடும்.

உங்க வண்டியில் எத்தனை சீட்டு, எத்தனை பேர் ஏறுறீங்க என்று கமெண்டில் எழுதுங்க. கம்பெனி பேரும் உங்க பேரும் வேண்டாம், ஊரும் வழியும் போதும். அதைத் தொகுத்து தாசில்தாரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுப்போம்.

விடியக்காலை இருட்டில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அந்தப் பொண்ணு, ராத்திரி போன மாதிரியே நல்லபடியா வீடு திரும்பணும். நாம கேட்கிறது அவ்வளவுதான்.

படிச்சவங்க பகிருங்க. ஷிஃப்டுக்குப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு அனுப்புங்க.

#பள்ளிப்பட்டு #காய்ச்சல்_விடுப்புக்கு_சம்பளம் #பாதுகாப்பான_பயணம்