புள்ளி காட்டுவது வண்டியை, திருடனை அன்று

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பேசின் பிரிட்ஜைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு வண்டி என்பது ஆடம்பரம் அன்று. வீட்டில் அடுப்பெரிவதே அதனால்தான். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வாசலில் நிற்கும் வாடகைக் கார், ஷேர் ஆட்டோ, 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஆகியவற்றுள் பல, கடன் தவணை இன்னும் தீராதவை. வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாமையால் இரவெல்லாம் தெருவோரத்தில் நிற்பவை. விடியற்காலையில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் புறப்படும்போது அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், போனது வண்டி மட்டுமன்று. அந்த மாதத்து அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதனுடனேயே போய்விடுகின்றன.

ஆகவே, செயற்கைக்கோள் வழியாக இடமறியும் ஜிபிஎஸ் கருவியை வண்டியில் பொருத்திக்கொள்வது நல்லதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அறிவுறுத்தியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பூட்டுப் போடுவது எப்படித் தவக்குலுக்கு முரணாகாதோ, அப்படியே இக்கருவியும் முரணாகாது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமிருப்பதாக நான் கருதவில்லை. என் கவலையெல்லாம் வேறு. வண்டி களவுபோன பின் கைப்பேசித் திரையில் ஒரு புள்ளி தோன்றுமே, அப்புள்ளியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

புள்ளி எப்படித் தோன்றுகிறது?

வானிலிருந்து செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன. அவ்வளவே அவற்றின் வேலை. வண்டியிலுள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பெற்று, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. பின்னர் அதனுள்ளிருக்கும் சிம் அட்டை, கைப்பேசிக் கோபுரத்தின் வழியே அச்செய்தியை நமக்கு அனுப்புகிறது. சிம்முக்குப் பணம் கட்டத் தவறினாலும், வண்டியைத் தகரக் கொட்டகைக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ ஏற்றிவிட்டாலும், மின்கம்பியை அறுத்துவிட்டாலும் செய்தி நின்றுபோகும். அதன் பின் திரையில் நாம் காண்பது வண்டி இப்போது இருக்குமிடத்தை அன்று; கடைசியாகச் செய்தி வந்த இடத்தை.

திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் கணக்கே ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகலாம். ஐந்து மீட்டர் என்பது பதினாறு அடி. நம் பகுதியின் சந்துகளில் பதினாறு அடிக்குள் எத்தனை வாசற்படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உயர்ந்த சுவர்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை இப்பிசகை இன்னும் பெருக்கும். புளியந்தோப்பு கே.பி. பூங்கா போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலோ, புள்ளி எந்த மாடியில் இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லவே சொல்லாது.

டென்வர் நகரம் தரும் பாடம்

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2022 சனவரியில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு டிரக் களவுபோனது. அதனுள் துப்பாக்கிகளும் ஒரு பழைய ஐபோனும் இருந்தன. உரிமையாளர் தொலைந்த கைப்பேசியைக் கண்டறியும் 'ஃபைண்ட் மை' செயலியைத் திறந்தார். அது ஒரு வட்டத்தைக் காட்டிற்று. அவ்வட்டத்துக்குள் பலருடைய வீடுகள் அடங்கியிருந்தன. ஆயினும் சனவரி 4 அன்று ஆயுதமேந்திய காவல் படை, தனியே வசித்த 77 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டை முற்றுகையிட்டு, கொட்டகைக் கதவை இடித்துத் தள்ளிச் சோதனையிட்டது. டிரக்கும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, அந்தக் கைப்பேசியும் இல்லை. 2024 மார்ச்சில் நடுவர் குழு அம்மூதாட்டிக்கு 37.6 லட்சம் டாலர் இழப்பீடு அளிக்கத் தீர்ப்புக் கூறியது. பயிற்சி பெற்ற காவலரும் நீதிமன்றப் பிடியாணையும் இருந்தும் நேர்ந்த பிழை இது.

அதே நகரில் 2020 ஆகஸ்ட் 5 அன்று நிகழ்ந்ததோ இதனினும் கொடியது. தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட கைப்பேசியை அதே செயலியில் தேடிய பதினாறு வயதுச் சிறுவன், செயலி காட்டிய வீட்டிலேயே கள்வர் இருப்பதாக முடிவுகட்டினான். நண்பர்கள் இருவருடன் நள்ளிரவுக்குப் பின் சென்று அவ்வீட்டுக்குத் தீயிட்டான். உள்ளே உறங்கியவர்கள் செனகல் நாட்டிலிருந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தார். கைக்குழந்தை ஒன்றும் இரண்டு வயதுகூட நிரம்பாத மற்றொரு குழந்தையும் உள்ளிட்ட ஐவர் மாண்டனர். களவுக்கும் அவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தீயிட்டவனுக்கு 2024இல் 60 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மதீனத்து மாவுத் தடம்

தடத்தை நம்பிக் குற்றஞ்சாட்டும் வழக்கம் செயலிகளோடு பிறந்ததன்று. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 105ஆம் வசனமும் அதனைத் தொடர்பவையும் அருளப்பெற்ற பின்னணியாக விரிவுரையாளர்கள் ஒரு நிகழ்வை எடுத்துரைக்கின்றனர். விவரங்களில் அறிவிப்புகள் சற்று வேறுபட்டாலும் சாரம் ஒன்றே. மதீனாவில் அன்ஸாரி ஒருவரின் போர்க்கவசம் களவுபோயிற்று. கவசம் மாவுப் பையில் இருந்தது; பையின் ஓட்டை வழியே மாவு சிந்திக்கொண்டே சென்றது. திருடியவன் அதனை ஒரு யூதரின் வீட்டில் அடைக்கலப் பொருளாக வைத்துவிட்டான். தடத்தைத் தொடர்ந்து சென்றவர்கள் யூதரின் வீட்டை அடைந்தனர். கவசமும் அங்கேயே கிடைத்தது. திருடனின் குலத்தாரோ தம்மவனைக் காக்க ஒன்றுதிரண்டு, பழியை அந்த யூதர் மீதே சுமத்த முயன்றனர். அவ்வேளையில் இறங்கிய வசனங்கள், மோசடி செய்வோருக்காக வாதாட வேண்டாம் எனத் தடுத்து, தான் செய்த பாவத்தை நிரபராதியின் மேல் சுமத்துவதன் கொடுமையை எடுத்துரைத்து, அந்த யூதரைக் குற்றத்தினின்றும் விடுவித்தன.

இந்நிகழ்வில் தடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பொருள் உண்மையிலேயே அவ்வீட்டில்தான் இருந்தது. ஆயினும் அவ்வீட்டார் திருடர் அல்லர். ஜிபிஎஸ் பிசகாமல் மிகச் சரியாகவே காட்டினாலும், அது காட்டுவது வண்டி நிற்கும் இடத்தை மட்டுமே. வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் யார் என்பது விசாரணையால் மட்டுமே தெரியவரும். பிறர் நம்மை நோக்கி ஆதாரமின்றி விரல் நீட்டும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அவ்வலியை அறிந்த சமுதாயம், 'அந்தத் தெருப் பையன்கள் எல்லாம் அப்படித்தான்' என்று பிறரைப் பேசலாகுமா? வடசென்னை என்றாலே குற்றத்தின் ஊர் என்று சித்திரிப்பவர்களால் நாம் அனைவரும் பாதிக்கப்பட்டவர்களே.

செய்ய வேண்டியவை

புள்ளி தெரிந்தவுடன் நான்கு உறவினரைத் திரட்டிக்கொண்டு புறப்படாதீர்கள். தன் பொருளைக் காக்கும் முயற்சியில் கொல்லப்படுபவர் ஷஹீத் என்ற நபிமொழியைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். அது கொள்ளையன் நம் மேல் பாயும்போது தற்காத்துக்கொள்வதைப் பற்றியது. ஊகத்தின் பேரில் அடுத்தவர் வாசலுக்குச் சென்று கூட்டம் கூட்டுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று.

உடனே 112 எண்ணை அழையுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, களவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அளிக்கலாம். அவ்வாறு அளித்தால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். திரையின் படத்தைத் தேதி, நேரத்துடன் சேமித்து, கருவியின் கணக்கு விவரங்களையும் காவலரிடம் கொடுங்கள். நீதிமன்றத்தில் இத்தகைய மின்னணுப் பதிவைச் சான்றாக்க, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழும் தேவைப்படும் என்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுதுங்கள்.

தொலைவிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதனைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு முன்னால் ஓடும் கார் திடீரென நின்றால் சாகப்போவது திருடன் மட்டுமாக இராது.

வண்டி கிடைத்த பின் அது காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதில்லை. கைப்பற்றப்பட்ட வாகனங்களை நெடுங்காலம் நிலையத்தில் போட்டுவைக்காமல், நிழற்படமும் பிணைப்பத்திரமும் பெற்றுக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் நெறி வகுத்துள்ளது. நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்.

நம் பக்கத்துக் கடமைகள் இரண்டு

முதலாவது, ஓட்டுநரைப் பற்றியது. பொதுப் போக்குவரத்து வாகனங்கள் பலவற்றுக்கு இடமறியும் கருவியையும் அவசரப் பொத்தானையும் அரசே கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே முதலாளி கருவி வைப்பதில் தவறில்லை. அதை ஓட்டுநரிடம் மறைப்பதுதான் தவறு. வேலைநேரம் முடிந்து அவர் வண்டியுடன் வீடு திரும்பிய பின்னும், எங்கே சென்றார், யாரைச் சந்தித்தார் என்று துருவிக்கொண்டிருப்பது, 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் விலக்கிய துருவியாராய்தலேயாகும். மனைவி, மக்கள் விஷயத்திலும் இதுவே. 2010இல் கலிஃபோர்னியாவில் அரபு வம்சாவளி மாணவர் ஒருவரின் காருக்கு அடியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இரகசியமாக இத்தகைய கருவியை ஒட்டிவைத்திருந்தது வெளியானபோது, அநீதி என்று நம்மவர் கொதித்தோம். நமக்குச் செய்யப்பட்டால் அநீதியாவது, நாம் செய்தால் நிர்வாகத் திறமையாகிவிடுமா? பிணையில் வந்த ஒருவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனையே செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2024 சூலை 8 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டெனில், உழைத்துச் சம்பாதிக்கும் ஓட்டுநருக்கு இல்லையா?

இரண்டாவது, வாங்குவோரைப் பற்றியது. களவுபோன வண்டிகள் பல முழுதாகக் கிடைப்பதில்லை, கழற்றப்பட்டு உதிரிகளாகிவிடுகின்றன. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், உதிரிகளாகிவிட்ட வண்டியைக் கண்டுபிடிக்க அதனால் இயலாது. புதுப்பேட்டையில் முறையான ரசீதுடன் பழைய பாகம் விற்கும் நேர்மையான வணிகர்கள் ஏராளம். அவர்களை விட்டுவிட்டு, விலை பாதியாக இருக்கிறதே என்று ரசீதில்லாப் பொருளை எங்கோ வாங்குபவர் தம்மைத் திருடராகக் கருதுவதில்லை. ஆனால் களவுப்பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படிக் குற்றம். மார்க்கத்திலும் அது ஹலாலாகாது. வாங்க ஆளிருப்பதாலேயே திருட ஆளிருக்கிறது. ரசீது கேட்கும் பழக்கம் நம் பகுதியில் வேரூன்றுமானால், எந்தச் செயற்கைக்கோளும் தராத பாதுகாப்பை அது தரும்.

எனவே கருவியைப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். புள்ளி தெரிந்தால் காவலரிடம் காட்டுங்கள். இழந்த பொருளை அல்லாஹ் நாடினால் திருப்பித் தருவான், அல்லது அதனினும் சிறந்ததைத் தருவான். நிரபராதியின் மீது நாம் சுமத்திய பழியையோ, மறுமையில் நாமே சுமக்க வேண்டியிருக்கும். நம் உடைமைகளையும் நாவையும் கரங்களையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.